எவர் உடலை வைத்து வரைந்த கோடு? உடற்பருமன் அறுவை சிகிச்சையின் வரலாறும் மும்பையும்

உடற்பருமனுக்கான அறுவை சிகிச்சையை யார் பெறலாம் என்பதை இந்தியாவில் இன்று இரண்டு கோடுகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, இந்திய மருத்துவ வல்லுநர்கள் கூடிப் பேசி 2009இல் வெளியிட்ட ஒருமித்த பரிந்துரை. உடல் நிறைக் குறியெண் 37.5ஐத் தாண்டியவர்களையும், நீரிழிவு போன்ற இணைநோயுடன் 32.5ஐத் தாண்டியவர்களையும் அறுவைக்குப் பரிசீலிக்கலாம் என்று அது கூறுகிறது. இரண்டாவது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விலக்கு விதி. அதன்படி குறியெண் 40 இருக்க வேண்டும்; அல்லது கடுமையான இணைநோயுடன் 35 இருக்க வேண்டும். அதற்குக் கீழே நிற்பவரின் அறுவைச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டியதில்லை.

இரண்டரை அலகு என்பது தாளில் சிறிய இடைவெளி. ஆனால் அந்த இடைவெளிக்குள் வாழும் மனிதர்கள் பலர். இரண்டாவது கோட்டின் எண்கள் 1991இல் அமெரிக்காவில் முடிவு செய்யப்பட்டவை. அவை மும்பையிலும் சென்னையிலும் வாழ்வோரின் மருத்துவச் செலவை இன்றும் எப்படி ஆள்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, உடற்பருமன் என்ற கருத்து எண்ணாக மாறிய வரலாற்றையும், அந்த எண் அறுவை மேசைவரை வந்த வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரே தடத்தில் இரண்டு உடல்கள்

மும்பையின் ஹார்பர் இரயில் தடத்தில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவே உள்ள நிலையம் திலக் நகர். அதை ஒட்டியே லோகமான்ய திலக் முனையம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குச் செல்லும் இரயில்கள் பல அங்கிருந்துதான் புறப்படுகின்றன. வீட்டுவசதி வாரியம் கட்டிய குடியிருப்பாக வளர்ந்த பகுதி அது. பழைய தாழ்ந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, லிஃப்ட் வைத்த உயர் அடுக்ககங்கள் எழுந்துவருகின்றன. மேற்கே சில கிலோமீட்டரில் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே குடியேறிய இடம். அதற்கும் அப்பால் மாட்டுங்கா. எழுத்தர்களும் கணக்கர்களும் ஆசிரியர்களும் குடியமர்ந்து, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்த இடம். தெற்கிலும் கிழக்கிலும் கோவண்டியும் மான்கூர்தும். மும்பை மாநகராட்சியின் 2009ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கையில் மிகக் கடைசி இடம் பெற்ற எம்-கிழக்கு வட்டாரம் அது.

இந்தச் சிறு நிலப்பரப்பில் இரண்டு வகை உடல்கள் அருகருகே வாழ்கின்றன. 1991க்கும் 1997க்கும் இடையே மும்பையில் 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,48,000 பேரை அளந்து, பின்னர் தொடர்ந்து கண்காணித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. குறியெண் 16க்கும் கீழே இருந்த மிக மெலிந்தவர்களிடமே இறப்பு விகிதம் மிக அதிகமாக இருந்தது என்பதே அதன் முக்கிய முடிவு. காசநோய் அதில் பெரும் பங்கு வகித்தது. அதே நகரில்தான் கடந்த இருபது ஆண்டுகளில் எடைக்குறைப்பு அறுவைக்கான தனியார் மருத்துவ மையங்கள் பெருகின. மெலிவால் சாவோரும் பருமனால் நோயுறுவோரும் ஒரே இரயில் பெட்டியில் பயணம் செய்யும் நகரம் இது. உடற்பருமன் வரலாற்றை மேலைநாட்டு அளவுகோலை மட்டும் கொண்டு எழுத முடியாமல் போவதற்கு முதற்காரணம் இதுவே.

அச்சம் மெலிவைப் பற்றியது

உடற்பருமன் நோய்க்குக் காரணமாகும் என்ற அறிவு இந்தியாவுக்குப் புதிதன்று. பழிக்கத்தக்க எட்டு வகை உடல்களைச் சரக சம்ஹிதை பட்டியலிடுகிறது. அவற்றுள் மிகப் பருத்ததும் மிக மெலிந்ததும் தனிக்கவனம் பெறுகின்றன. சுசுருத சம்ஹிதை நீரிழிவை இரண்டாகப் பகுக்கிறது. பிறப்போடு வருவது மெலிந்தவர்களைப் பற்றும். தகாத உணவாலும் உழைப்பின்மையாலும் வருவது பருத்தவர்களைப் பற்றும். இன்றைய முதல் வகை, இரண்டாம் வகை நீரிழிவுகளோடு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் உடலின் வடிவமும் நோயின் இயல்பும் தொடர்புடையவை என்ற கவனிப்பு அதில் தெளிவாக இருக்கிறது.

மருத்துவ நூல்களின் எச்சரிக்கை ஒருபுறமிருக்க, மக்கள் வழக்கு வேறு திசையில் நின்றது. ஊரிலிருந்து வருபவரைக் கண்டதும் ‘இளைத்துவிட்டாயே’ என்பது தமிழில் அக்கறையின் சொல். ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்பது பாராட்டு. பஞ்சத்தை நினைவில் வைத்திருக்கும் சமூகத்தில் சதை என்பது சேமிப்பு. 1876-78இல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தின்போது, நிவாரணப் பணியாளர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு தானியத்துக்கான கூலியே போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் வலியுறுத்தினார். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஆர். கார்னிஷ் அதை எதிர்த்தார்; அந்த அளவில் உழைக்கும் உடல் தேயும் என்பது அவர் வாதம். இந்திய உடலுக்கு எவ்வளவு போதும் என்ற கேள்வி, அரசின் கோப்புகளில் முதலில் எழுந்தது பட்டினியின் எல்லையில்தான்.

அடுத்த அரை நூற்றாண்டிலும் அந்தப் பார்வை மாறவில்லை. நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் வெவ்வேறு இந்திய வட்டாரங்களின் உணவை எலிகளுக்கு ஊட்டி வளர்ச்சியை ஒப்பிட்டபோது, சீக்கியரின் கோதுமையும் பாலும் முதலிடம் பெற்றன. அரிசி உண்ணும் சென்னை மாகாணத்தாரின் உணவு கடைசி வரிசையில் நின்றது. அக்கறை முழுவதும் குறைவளர்ச்சி பற்றியது. இதற்கு விலக்காக, 1907இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில் வெப்ப நாடுகளில் நீரிழிவு பற்றிய தனி விவாதம் நடந்தது. ஆனால் அங்கே அது உட்கார்ந்து வேலை செய்யும் வங்காளப் படிப்பாளிகளின் நோயாகவே பார்க்கப்பட்டது. உழைக்கும் மெலிந்த இந்தியருக்கு அது வரக்கூடும் என்ற எண்ணம் அந்தச் சட்டகத்துக்குள் இடம் பெறவில்லை.

குறியெண்ணின் பிறப்பு

உயரத்தின் இருமடிக்கு ஏற்ப எடை அமைகிறது என்ற உறவை 1830களில் கண்டவர் பெல்ஜிய நாட்டு அடோல்ஃப் கெட்டலே. அவர் வானியலாளர், புள்ளியியலைச் சமூகத்துக்குப் பொருத்த முனைந்தவர். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்பதே அவர் தேடல். நோயைக் கண்டறிவது அவர் நோக்கத்தில் இல்லை.

எடையை மரணத்தோடு இணைத்தவர்கள் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் லைஃப் நிறுவனத்தில் லூயி டப்ளின் தலைமையில் 1940களின் தொடக்கத்தில் தயாரான ‘இலட்சிய எடை’ அட்டவணைகள் உலகெங்கும் மருத்துவர்களின் மேசைகளில் ஏறின. அமெரிக்காவில் காப்பீடு வாங்கக்கூடிய வசதி படைத்தவர்களின் பதிவேடுகளிலிருந்து எழுந்தவை அவை. இந்திய உயிர்களைக் காப்பீட்டு உலகம் வேறாக எடைபோட்ட வரலாறு அதைவிடப் பழையது. ஐரோப்பிய நிறுவனங்கள் இந்தியரிடம் கூடுதல் கட்டணம் கேட்ட காலத்தில், வழக்கமான கட்டணத்திலேயே இந்தியரைக் காப்பீடு செய்ய 1870இல் பம்பாய் மியூச்சுவல் என்ற நிறுவனம் எழுந்தது. அன்றைய குறை, இந்திய உடல் வேறானது என்று கருதியதால் வந்தது. இன்றைய குறை, இந்திய உடலும் பிறர் உடலும் ஒன்றே என்று கருதுவதால் வருகிறது.

1972இல் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் கெட்டலேயின் கணக்கை மீட்டெடுத்து ‘உடல் நிறைக் குறியெண்’ என்று பெயரிட்டனர். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது அது. அந்த ஆய்வில் அளக்கப்பட்டோர் அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் ஆண்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை, பெண்களும் இல்லை.

குறியெண்ணின் பெரிய குறைபாடு, கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது என்பது. மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947லேயே இதைச் சுட்டியிருந்தார். இடுப்புக்குக் கீழே சேரும் கொழுப்பைவிட, உடலின் மேற்பகுதியில் சேரும் கொழுப்பே நீரிழிவோடும் இரத்தக்குழாய் நோயோடும் நெருங்கிய தொடர்புடையது என்பது அவர் கண்டது. அந்தக் கருத்து பொது ஏற்பைப் பெறப் பல பத்தாண்டுகள் ஆயின. இந்திய உடலைப் புரிந்துகொள்ள அதுவே திறவுகோலாக அமைந்தது.

மெலிந்த தோற்றம், பருத்த உள்ளுடல்

2004இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வெளியாயிற்று. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் அருகருகே நிற்கின்றனர். இருவரின் குறியெண்ணும் 22.3. ஆனால் யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடற்கொழுப்பு 21.2 விழுக்காடு. ஒரே எண்ணுக்குள் இரண்டு உடல்கள் ஒளிந்திருப்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் காட்டியதில்லை.

இதன் வேர் கருவறைவரை செல்கிறது என்று புனே ஆய்வுகள் கூறின. புனே மாவட்டக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஒப்பிடப்பட்ட இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. இந்தியக் குழந்தைகளிடம் தசையும் உள்ளுறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் ஒப்பளவில் குறையாமல் நின்றது. ஊட்டம் குறைந்த தாயின் வயிற்றில், தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காக்கும் உடல் உருவாகிறது. பின்னாளில் நகரத்தின் உணவும் உட்கார்ந்த வேலையும் சேரும்போது, அந்த உடல் சிறிய எடை உயர்விலேயே நோயுறுகிறது. பட்டினியும் பருமனும் எதிரெதிர் நோய்கள் என்ற எண்ணம் இங்கே உடைகிறது. ஒன்று மற்றொன்றுக்குத் தளம் அமைக்கிறது.

இத்தகைய சான்றுகளின் தொடர்ச்சியாக உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல், ஆசிய மக்களுக்குக் குறியெண் 23இலும் 27.5இலும் பொதுச் சுகாதார நடவடிக்கை தொடங்க வேண்டும் என்றது. 2009இன் இந்தியப் பரிந்துரை 23ஐ மிகை எடையின் தொடக்கமாகவும், 25ஐ உடற்பருமனின் தொடக்கமாகவும் வகுத்தது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லையையும் சேர்த்தது. அறுவைக்கான 32.5, 37.5 என்ற எண்கள் பிறந்ததும் அதே ஆவணத்தில்தான்.

நோயின் அளவும் சிறிதன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் குறியெண் 25ஐ எட்டிய பெண்கள் நாட்டில் 24 விழுக்காடு, தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடு. அதே ஆய்வில் நாட்டின் பெண்களுள் 18.7 விழுக்காட்டினர் மெலிந்தோர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நீரிழிவு கொண்டோர் 10.1 கோடி என்றும், வயிற்றுப் பருமன் கொண்டோர் 39.5 விழுக்காடு என்றும் கணித்தது. உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, கல்லீரல் கொழுப்பு நோய், உறக்கத்தில் மூச்சடைப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு, சினைப்பை நீர்க்கட்டி நோய் ஆகியவை பருமனோடு வருபவை. 13 வகைப் புற்றுநோய்களுக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016இல் அறிவித்தது.

குடலைச் சுருக்கிய காலம்

அறுவையின் வரலாறு தவறுகளோடு தொடங்குகிறது. 1954இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கிரெமனும் உடன்பணியாளர்களும் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கும் முறையை வெளியிட்டனர். உணவு குடலில் உறிஞ்சப்படாமல் போனால் எடை குறையும் என்பது அதன் எளிய தர்க்கம். எடை குறைந்தது. கூடவே தீராத வயிற்றுப்போக்கும், சிறுநீரகக் கற்களும், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பும் வந்தன. பின்னர் அந்த முறை கைவிடப்பட்டது.

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறு வழியில் சென்றார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மீண்டும் பருப்பதில்லை என்ற அனுபவத்தை எடுத்துக்கொண்டு, இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையைப் பிரித்து அதை நேரடியாகச் சிறுகுடலோடு இணைத்தார். 1967இல் இடோவுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட இந்த இரைப்பை பைபாஸ், பல திருத்தங்களுடன் இன்றும் நிலைத்திருக்கிறது.

1991 மார்ச்சில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய ஒருமித்த கருத்து மாநாடு, 40 அல்லது இணைநோயுடன் 35 என்ற தகுதிக் கோட்டை வரைந்தது. அன்று இந்த அறுவைகள் வயிற்றை நீளமாகக் கிழித்தே செய்யப்பட்டன. காயத் தொற்றும் குடலிறக்கமும் சாதாரணம். ஆபத்து மிகுந்த சிகிச்சைக்கு உயர்ந்த தகுதிக் கோடு என்பது அந்தக் காலத்துக்குப் பொருத்தமான எச்சரிக்கை. அடுத்த சில ஆண்டுகளிலேயே தொழில்நுட்பம் மாறியது. சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி முறையில் 1994இல் விட்குரோவும் கிளார்க்கும் பைபாஸ் செய்து காட்டினர். காயம் சிறுத்தது, நோயாளி எழுந்து நடக்கும் நாள் முன்வந்தது. கோடு மட்டும் அங்கேயே நின்றது.

மும்பை இந்த மாற்றத்துக்கு முன்பே தயாராகியிருந்தது. 1990 மே 31 அன்று ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப்பி வழியே பித்தப்பையை அகற்றினார். இந்தியாவில் அதுவே முதல் முறை. ஏழைகள் வரும் அரசு மருத்துவமனையில் அது நிகழ்ந்தது குறிக்கத்தக்கது. கோயம்புத்தூரில் சி. பழனிவேலு போன்றோர் அதே பத்தாண்டில் அந்தக் கலையைத் தமிழ்நாட்டில் வளர்த்தனர். பின்னாளில் எடைக்குறைப்பு அறுவை இந்தியாவில் விரைந்து பரவியதற்கு இந்தக் கைத்திறனே அடித்தளம்.

இன்று மிகுதியாகச் செய்யப்படுவது ஸ்லீவ் எனப்படும் முறை. இரைப்பையின் வெளிப்புற வளைவை நீளவாக்கில் வெட்டி நீக்கி, வாழைப்பழம் போன்ற குறுகிய குழாயாக அதை மாற்றுவது. பெரிய அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு முதற்கட்டமாகச் செய்யப்பட்டது, அதுவே போதும் என்று கண்டபின் தனிச் சிகிச்சையாயிற்று.

வயிறு சிறுத்ததால் உணவு குறைகிறது, உணவு குறைந்ததால் எடை குறைகிறது என்ற விளக்கம் பாதி உண்மைதான். 1995இல் வால்டர் போரீஸ், பைபாஸ் செய்துகொண்ட நீரிழிவு நோயாளிகளுள் பெரும்பாலோரின் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பியதை வெளியிட்டார். எடை பெரிதும் குறையும் முன்பே அது நிகழ்ந்தது. உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியை விரைந்து அடையும்போது ஜி.எல்.பி.-1 போன்ற சுரப்புகள் பெருகி இன்சுலினைத் தூண்டுகின்றன. ஸ்லீவில் நீக்கப்படும் இரைப்பைப் பகுதியே பசியைத் தூண்டும் கிரெலினின் முதன்மை ஊற்று. 2012இல் 150 பேரைக் கொண்டு நடந்த அமெரிக்க ஆய்வொன்றில், மருந்து மட்டும் பெற்றோருள் 12 விழுக்காட்டினரே ஓராண்டில் சர்க்கரை இலக்கை எட்டினர். பைபாஸ் பெற்றோருள் 42, ஸ்லீவ் பெற்றோருள் 37 விழுக்காட்டினர் எட்டினர். சுவீடனில் நாலாயிரம் பேரைச் சராசரியாகப் பதினோரு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, அறுவை பெற்றோரிடம் இறப்பு சுமார் 24 விழுக்காடு குறைவு என்று 2007இல் காட்டியது. அழகுக்கான அறுவை என்ற பெயர் இதற்குப் பொருந்தாது.

காட்சியும் மறைவும்

இந்தியப் பொதுவெளியில் இந்த அறுவை அறிமுகமானது பிரபலங்கள் வழியே. 2011இல் நிதின் கட்கரியும், 2014இல் அருண் ஜேட்லியும் இதைச் செய்துகொண்ட செய்திகள் பரவின. 2017 பிப்ரவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து எமான் அகமது என்ற பெண் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டார். அவரது எடை ஏறத்தாழ 500 கிலோ என்று கூறப்பட்டது. சர்னி ரோட்டின் சைஃபி மருத்துவமனையில் மார்ச் மாதம் அவருக்கு ஸ்லீவ் அறுவை நடந்தது. பின்னர் குடும்பத்தாருக்கும் மருத்துவக் குழுவுக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்து, மே மாதத்தில் அவர் அபுதாபிக்கு மாற்றப்பட்டார். செப்டம்பரில் 37 வயதில் இறந்தார்.

நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் அந்த மாதங்களில் ஒரு பெண்ணின் உடலைக் கிலோ கிலோவாக எண்ணிக்கொண்டிருந்தன. அவருடைய பருமனுக்குப் பின்னால் மரபணுக் குறைபாடு இருந்தது என்ற செய்தியோ, பக்கவாதத்தால் அவர் நெடுங்காலம் படுக்கையில் இருந்ததோ அந்த அளவு கவனம் பெறவில்லை. உடற்பருமன் என்றால் அசாதாரணமான, அரிதான, பிறருக்கு நேர்வது என்ற எண்ணத்தை அந்தக் காட்சி வலுப்படுத்தியது. 65 கிலோ எடையும் தொந்தியும் கூடிய சர்க்கரையும் கொண்ட எழுத்தர் ஒருவர், அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தன்னை ஆரோக்கியமானவராகவே கருதியிருப்பார்.

இடைவெளியில் நிற்பவர்

காப்பீட்டு விதியின் பொருளை ஒரு கணக்கில் காணலாம். திலக் நகரில் வசிக்கும் 155 செ.மீ. உயரப் பெண் ஒருவரைக் கருதிக்கொள்வோம். எடை 80 கிலோ, கட்டுப்படாத நீரிழிவு. அவர் குறியெண் 33.3. இந்திய மருத்துவர்களின் 2009 பரிந்துரைப்படி அவர் அறுவைக்குப் பரிசீலிக்கத் தக்கவர். காப்பீட்டு ஒப்பந்தத்தில் உள்ள விலக்கின்படி அவர் தகுதியற்றவர். தகுதி பெற வேண்டுமானால் இன்னும் 4 கிலோவுக்கு மேல் அவர் எடை கூட வேண்டும். நோயாளியை மேலும் நோயுறச் சொல்லும் விதி எந்தத் தர்க்கத்திலும் நில்லாது. கையிலிருந்து பணம் கட்ட முடிந்தவருக்கு முதல் கோடும், முடியாதவருக்கு இரண்டாம் கோடும் என்று சட்டம் எழுதப்படவில்லை. நடைமுறையில் அப்படித்தான் ஆகிவிட்டது.

அமெரிக்க அறுவை மருத்துவச் சங்கமும் பன்னாட்டுக் கூட்டமைப்பும் 2022இல் 1991இன் கோட்டைத் தாங்களே கைவிட்டன. இணைநோய் இல்லாவிட்டாலும் 35இல் அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசிய மக்களுக்கு 27.5இலேயே அதை ஆலோசிக்கலாம் என்றும் அவை கூறின. வரைந்த நாட்டிலேயே மருத்துவர்கள் அழித்துவிட்ட கோடு, இந்தியக் காப்பீட்டுத் தாள்களில் உயிரோடு இருக்கிறது.

கோட்டைத் தாழ்த்துவது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். அறுவை ஒரு நாளில் முடிவது; அதன் பின்விளைவு ஆயுள்வரை தொடர்வது. இரும்புச்சத்து முதன்மையாக உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலில். பைபாஸில் உணவு அதைத் தவிர்த்துச் செல்கிறது. 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை கொண்ட நாட்டில் இது சிறு செய்தி அன்று. பி-12 குறைபாடு மரக்கறி உண்போரிடம் முன்பே மிகுதி. அறுவைக்குப் பின் அது மேலும் கூடும். கால்சியம், தயமின், வைட்டமின்-டி ஆகியவற்றையும் வாழ்நாள் முழுவதும் கவனிக்க வேண்டும். 2009இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் 30 நாட்களுக்குள் இறந்தோர் 0.3 விழுக்காடுதான். ஆனால் தேர்ந்த மையங்களின் கணக்கு அது. கைத்திறனும் மயக்க மருந்துக் கண்காணிப்பும் குறைந்த இடங்களுக்கு அந்த எண்ணைக் கடன் வாங்க முடியாது. பின்தொடர்ச்சிக்கான இரத்தப் பரிசோதனையும் சத்து மாத்திரையும் நோயாளியின் சொந்தச் செலவாக நிற்கும்வரை, அறுவைக்கு மட்டும் பணம் கிடைப்பது அரைத் தீர்வே.

2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடைக்குறைப்பு ஊசிகள் இதே கேள்வியைப் புதிய வடிவில் எழுப்புகின்றன. குடற்சுரப்பைப் பின்பற்றும் அந்த மருந்துகள், அறுவை கற்றுத்தந்த பாடத்தின் தொடர்ச்சி. எவர் பெறுவார், எந்த எண்ணில், எவர் செலவில் என்பது அங்கும் தீராமல் இருக்கிறது.

தொடக்கத்தின் பக்கம்

நீரிழிவைத் தடுக்க அறுவைக்கு முந்தைய வழிகள் வலிவற்றவை அல்ல. சென்னையில் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். எந்தச் சிறப்பு உதவியும் பெறாதோருள் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளிகளாயினர். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டோருள் அது 39.3 விழுக்காடு. உலகின் எந்த ஊசிக்கும் முன்னால் வைத்துப் பார்க்கத்தக்க முடிவு இது. ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டுகிறது: வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்ட பின்னும் பத்தில் நால்வர் நோயுற்றனர். அவர்களிடம் ‘நீங்கள் சரியாக முயலவில்லை’ என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை.

மும்பையின் சயானில் லோகமான்ய திலகர் பெயரால் இயங்கும் மாநகராட்சிப் பொது மருத்துவமனை, தாராவியின் பிரசவங்களைப் பார்க்கும் மருத்துவமனை. குழந்தை மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸின் முயற்சியால் 1989இல் அங்கே தாய்ப்பால் வங்கி தொடங்கியது. ஆசியாவில் அதுவே முதலாவது. குறைந்த எடையில் பிறக்கும் குழந்தைகளைக் காப்பாற்றுவதே அதன் நோக்கம். உடற்பருமன் வரலாற்றில் பால் வங்கிக்கு என்ன இடம் என்று தோன்றலாம். புனே ஆய்வுகளை ஏற்றால், நாற்பது ஆண்டுகள் கழித்து அறுவை மேசைக்கு வரக்கூடிய உடல் உருவாகத் தொடங்கும் இடம் பிரசவ அறைக்கும் முந்தையது. தாயின் ஊட்டம், குழந்தையின் எடை, பள்ளிப் பிள்ளையின் உணவு, அடுக்ககங்களுக்கு நடுவே நடப்பதற்கு ஓர் இடம் ஆகியவை எல்லாம் உடற்பருமன் சிகிச்சையின் பகுதிகளே.

அறுவை அந்த நெடும் தொடரின் கடைசிக் கண்ணி. அந்தக் கண்ணியை எட்டும் நிலைக்கு வந்துவிட்ட ஒருவருக்கு, முந்தைய கண்ணிகளில் சமூகம் தவறவிட்டதை ஈடுசெய்ய எஞ்சியிருப்பது அது ஒன்றே. அந்த வாயிலில் நிற்கும் கோடு, குறைந்தபட்சம், அங்கே நிற்பவரின் உடலை அளந்து வரைந்ததாக இருக்க வேண்டும். இந்திய மருத்துவர்கள் அந்த அளவை எடுத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. காப்பீட்டு விதி அதைப் பார்த்துத் திருத்தப்படுவதற்கு எந்தப் புதிய கண்டுபிடிப்பும் தேவையில்லை.